தொண்டைக்குள் நரம்புக் கட்டி: என் குரல் போய்விடுமா, டாக்டர்?

குழித்துறைக்கு அருகே அரசு உதவி பெறும் நடுநிலைப்பள்ளி ஒன்றில் பணியாற்றும் 43 வயது ஆசிரியை ஒருவர், எம்.ஆர்.ஐ. அறிக்கையின் நகலையும் சேர்த்து நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

ஒன்றரை ஆண்டுகளுக்கு முன், சோறு விழுங்கும்போது தொண்டையின் இடப்பக்கத்தில் ஏதோ தடுப்பதுபோல் அவருக்குத் தோன்றியிருக்கிறது. டான்சில் வீக்கம் என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. குணமாகவில்லை. பிறகு பல் வலிக்காகப் போன இடத்தில் பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இடப்பக்கத் தொண்டைச் சுவரே உள்ளே தள்ளியிருக்கிறது, இது டான்சில் இல்லை" என்று சொல்லி காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார். தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டியும் கைக்குத் தட்டுப்பட்டது. அதை அழுத்தினால் இருமல் வருகிறது. திருவனந்தபுரத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ., 4.2 செ.மீ. நீளமுள்ள, வேகஸ் நரம்பிலிருந்து எழுந்ததாகத் தோன்றும் 'ஷ்வான்னோமா' என்கிறது. ஊசிச் சோதனையில் முடிவு சொல்லும் அளவுக்குச் செல்கள் கிடைக்கவில்லை. அறுவை மருத்துவர், "எடுக்கலாம், கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். எடுத்தால் குரல் பாதிக்கப்படக்கூடும். வேண்டுமானால் ஆர்.சி.சி.யிலும் (திருவனந்தபுரத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையம்) ஒரு கருத்து கேளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

வளைகுடாவில் வேலை செய்யும் கணவர், அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் தான் வந்த பிறகு பார்க்கலாம் என்கிறார். மாமியார், 41 நாள் எண்ணெய்த் தடவலில் கட்டியைக் கரைத்துவிடலாம் என்று சொன்ன வர்ம ஆசான் ஒருவரிடம் அழைக்கிறார். "ஆர்.சி.சி. என்று சொன்னதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஞரம்பு முழை (மலையாளத்தில் நரம்புக் கட்டி) என்றார்கள். ரத்தம் ஓடுகிற நரம்பு வெடித்துவிடுமா? சதை எடுத்துப் பார்க்காமலே எப்படி இது புற்று இல்லை என்கிறார்கள்? குரல் போனால் என் வேலை என்ன ஆகும்? பதினாறு வயது மகளுக்கும் இது வருமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தையும் அறிக்கையையும் இரண்டு முறை படித்தேன். நேரில் பரிசோதிக்காமல் எழுதும் பதில் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். அறிக்கையில் உள்ளவை அனைத்தும் தீங்கற்ற, மெதுவாக வளரும் ஒரு கட்டியையே காட்டுகின்றன. இந்த வாரமே முடிவெடுத்தாக வேண்டும் என்று உங்களை நெருக்கும் எதுவும் அதில் இல்லை.

'நரம்பு' என்ற சொல் தந்த குழப்பம்

முதலில் வெடித்துவிடுமோ என்ற பயத்தைத் தீர்த்துவிடுவோம். நம் பேச்சில் நரம்பு என்ற ஒரே சொல் இரண்டு பொருளுக்கு ஓடுகிறது. ரத்தக்குழாயில் போடும் ஊசியை 'நரம்பு ஊசி' என்கிறோம். கை கால் மரத்துப்போனாலும் 'நரம்புத் தளர்ச்சி' என்கிறோம். மலையாளத்தில் 'ஞரம்பு' என்பதும் அப்படித்தான். உங்களுக்கு வந்திருப்பது ரத்தக்குழாயில் அன்று. மூளையின் செய்தியைக் கொண்டுசெல்லும் நரம்பில். நரம்பிழைகளைச் சுற்றி, மின்கம்பியின் மேலுறைபோல, உறையிடும் செல்கள் உண்டு. 1839இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய உடலியலாளர் தியோடர் ஷ்வானின் பெயரால் அவை ஷ்வான் செல்கள் எனப்படுகின்றன. அந்த உறைச் செல்கள் ஓரிடத்தில் மட்டும் பெருகித் திரண்டு, தமக்கென ஒரு மெல்லிய கூட்டையும் அமைத்துக்கொள்வதுதான் ஷ்வான்னோமா. அது வெடிப்பதில்லை. புற்றாக மாறுவது மிக மிக அரிது.

தொண்டைச் சுவருக்கும் தாடைக்கும் இடையிலுள்ள ஆழமான இடுக்கில் இது இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதியில் வரும் கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்தால், இந்த இடுக்கில் வருபவை ஏறத்தாழ 0.5 சதவீதம்தான், அவற்றிலும் ஐந்தில் நான்கு பங்கு தீங்கற்றவை. இப்படி அரிதாக வருவதால்தான் முதலில் பார்த்தவர்களுக்கு டான்சில் நினைவுக்கு வந்திருக்கிறது. டான்சில் தானாக வீங்கவில்லை. பின்னாலிருந்து கட்டி அதை முன்னால் தள்ளியிருக்கிறது. வாய் வழியாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றரை ஆண்டு வீணாகிவிட்டதே என்று வருந்தியிருக்கிறீர்கள். இத்தகைய கட்டிகள் பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவிலேயே வளர்பவை. ஆகவே அந்தத் தாமதத்தால் உங்கள் சிகிச்சையில் பெரிய மாற்றம் எதுவும் நேர்ந்திருக்காது.

சதை எடுத்துப் பார்க்காதது அலட்சியமா?

இல்லை, அது சரியான முடிவு. சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று நாம் பழகியிருக்கிறோம், மற்றப் பல கட்டிகளில் அது உண்மையும்கூட. இந்த இடத்தில் மட்டும் வாய் வழியாகக் கத்தி வைத்துத் துணுக்கு எடுப்பதை நாங்கள் தவிர்க்கிறோம். பக்கத்திலேயே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இருக்கிறது. கட்டியின் கூடு கிழிந்தால் பிறகு செய்யும் அறுவையில் அது சுற்றுத் திசுக்களோடு ஒட்டிக்கொண்டு, நரம்பைக் காப்பாற்றுவது கடினமாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதே இடத்தில் ரத்தநாளங்கள் செறிந்த 'பாராகாங்லியோமா' என்ற வேறொரு கட்டியும் வரலாம். அதைத் தெரியாமல் வெட்டினால் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு நேரும். ஊசிச் சோதனை முடிவு தராமல் போனதும் உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஷ்வான்னோமாவின் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக் கிடப்பவை; ஊசி முனையில் அவை எளிதில் வராது.

அப்படியானால் எதை நம்பிச் சொன்னார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயம். உங்கள் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: கரோட்டிட் தமனி முன்னோக்கி உட்புறமாகவும், கழுத்துச் சிரை பின்னோக்கி வெளிப்புறமாகவும் விலகியிருக்கின்றன. தமனிக்கும் சிரைக்கும் நடுவே, அவற்றோடு ஒரே உறைக்குள் இறங்குவது வேகஸ் நரம்பு. அதில் கட்டி எழுந்தால் இரண்டு குழாய்களும் இப்படித்தான் பிரிந்து விலகும். பின்னாலிருக்கும் பரிவு நரம்புத் தொடர் என்ற வேறொரு நரம்பில் எழுந்திருந்தால் இரண்டும் பிரியாமல் சேர்ந்தே முன்னால் தள்ளப்பட்டிருக்கும். பாராகாங்லியோமாவின் உள்ளே ரத்தம் விரைந்து ஓடும் தடங்கள் எம்.ஆர்.ஐ.யில் கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். அவை இல்லை என்று அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. இதற்கு நீங்கள் அறியாமலே இன்னொரு சாட்சியும் எழுதியிருக்கிறீர்கள்: கட்டியை அழுத்தினால் இருமல் வருகிறது என்று. வேகஸ் நரம்பு உரசப்பட்டால் வரும் இருமல் அது. எங்கள் மாணவர்களுக்கு நாங்கள் தவறாமல் சொல்லிக்கொடுக்கும் அடையாளம். இனி அழுத்திப் பார்க்க வேண்டாம்.

மருத்துவர் ஆர்.சி.சி. பெயரைச் சொன்னது உங்களை உலுக்கியிருக்கிறது. 1981இல் தொடங்கப்பட்ட அந்த மண்டலப் புற்றுநோய் மையத்தின் பெயர், கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்கு இப்புறம் இருக்கும் நம் மக்களுக்கும் புற்றுநோயின் மறுபெயராகவே ஆகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். கழுத்தின் இவ்வளவு ஆழத்தில் தமனியையும் நரம்புகளையும் பிரித்தெடுத்துக் கை பழகியவர்கள் பெரும்பாலும் புற்றுநோய் அறுவைத் துறையில்தான் இருப்பார்கள். அந்தக் கைப்பழக்கத்துக்காகவே அனுப்பியிருப்பார். மருத்துவர் உங்களிடம் எதையும் மறைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் குரல்

கடிதத்தின் பாதி இதைப் பற்றியதுதான், ஆகவே நானும் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மூளையிலிருந்து கிளம்பும் 12 இணை நரம்புகளில் வேகஸ் பத்தாவது. அதன் ஒரு கிளை, இடப்பக்கத்தில் நெஞ்சுக்குள் இறங்கி மகாதமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்துக்கு ஏறிவந்து இடப்பக்கக் குரல்நாணை அசைக்கிறது. உங்கள் கட்டி இருப்பது அந்தக் கிளை பிரிவதற்கு வெகு மேலே. ஆகவே அங்கே நரம்புக்குச் சேதம் வந்தால் இடது குரல்நாண் அசையாமல் நின்றுவிடலாம். அப்போது இரண்டு நாண்களும் நடுவில் சரியாகச் சேராமல் காற்று கசியும். குரல் கம்மி, மூச்சு கலந்து, சீக்கிரம் களைத்துப்போகும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறும். இவை உண்மையான தொல்லைகள், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதுபோல 'ஊமையாகிவிடுவது' இதில் இல்லை. வலப்பக்க நாண் நன்றாகவே இருக்கும். நாள் செல்லச் செல்ல அது நடுக்கோட்டைத் தாண்டி வந்து இடப்பக்க நாணைத் தொடப் பழகிக்கொள்வதும் உண்டு.

முற்காலத்தில் கட்டியோடு நரம்பின் அந்தப் பகுதியையும் வெட்டி எடுத்துவிடுவார்கள். இன்று இயன்றவரை கூட்டுக்குள் அறுவை செய்கிறோம். கட்டியின் மேல் நரம்பிழைகள் விரிந்து படர்ந்திருக்கும். அவை குறைவாக உள்ள இடம் பார்த்து, இழைகளின் போக்கிலேயே கூட்டை நீளவாக்கில் கீறி, பலாச்சுளைக்குள்ளிருந்து கொட்டையை எடுப்பதுபோலக் கட்டியை மட்டும் பிதுக்கி எடுத்து, கூட்டையும் இழைகளையும் அங்கேயே விட்டுவிடுவோம். மயக்கம் கொடுக்கும்போது தொண்டையில் இறக்கும் குழாயிலேயே மின்முனைகள் பொருத்தி, குரல் நரம்பு தொடப்படும் ஒவ்வொரு முறையும் கருவி எச்சரிக்கும்படி செய்யும் வசதியும் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் சில வாரங்களோ மாதங்களோ குரல் கம்மியிருப்பது பலருக்கு நேர்கிறது. சிலருக்கு அது நிலைத்தும்விடுகிறது. நரம்பு ஒரு நூலளவும் அசையாமல் எடுத்துவிடுவேன் என்று எந்த அறுவை மருத்துவராவது உறுதி கொடுத்தால் அந்த உறுதியை நம்பாதீர்கள்.

நிலைத்துவிட்டாலும் வழி இருக்கிறது. முதல் நாட்களில் இடப்பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு விழுங்கினால், பலவீனமான பக்கம் அடைபட்டு உணவு நல்ல பக்கமாக இறங்கும். பேச்சுப் பயிற்சியாளரிடம் தொடங்கும் பயிற்சி நிறையப் பேருக்குப் போதுமானதாக இருக்கிறது. போதவில்லையென்றால் அசையாத நாணுக்குள் ஊசி மூலம் நிரப்புப் பொருளோ உடலின் சொந்தக் கொழுப்போ செலுத்தி அதை நடுவுக்குக் கொண்டுவரலாம். நரம்பு மீளுமா என்று ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை பார்த்துவிட்டு, மீளவில்லை என்றால் குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு சாளரம் திறந்து, நாணை நிரந்தரமாக உள்தள்ளி வைக்கும் அறுவையும் உண்டு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் குரல் உயர்த்தாமல் பாடம் நடத்த, இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கியை நலமாக இருக்கும் ஆசிரியர்களே இன்று பயன்படுத்துகிறார்கள். இப்போதே ஒன்று வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காத செய்தி ஒன்று உண்டு. இப்போது உங்கள் இடது குரல்நாண் அசைகிறதா? மூக்கு வழியாகச் சிறு குழாய்க் கேமராவை இறக்கிப் பார்க்கும் சோதனை அது. வெளிநோயாளியாகச் சில நிமிடங்களில் முடியும். கட்டியின் அழுத்தத்தில் நாண் ஏற்கெனவே நின்றுபோயிருந்தும் குரல் பழகிவிட்டதால் நீங்கள் உணராமல் இருக்கலாம். அப்படியானால் அறுவையில் இழப்பதற்கு அதிகம் இல்லை. நன்றாக அசைகிறது என்றால் கணக்கு வேறு. எந்த முடிவுக்கும் முன்னால் இதைச் செய்துகொள்ளுங்கள், எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

காத்திருப்பதா, எடுப்பதா?

இரண்டும் மருத்துவம் ஏற்றுக்கொண்ட வழிகளே. கரைக்க மாத்திரை இல்லை. கழுத்திலுள்ள இத்தகைய கட்டிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெரிதாகப் பயன்படுவதுமில்லை. எழுபதைத் தாண்டிய, தொல்லை எதுவும் இல்லாத ஒருவருக்கு நான் பெரும்பாலும் காத்திருக்கவே சொல்வேன். உங்களுக்கு வயது 43. விழுங்குவதில் தடை தொடங்கிவிட்டது. கட்டி 4 செ.மீ.யைத் தாண்டிவிட்டது. அது பெரிதாகப் பெரிதாக இழைகள் இன்னும் மெலிந்து விரியும், அவற்றைக் காப்பதும் அவ்வளவுக்குக் கடினமாகும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது என் மனம் அறுவைச் சிகிச்சையின் பக்கமே சாய்கிறது. அதற்காக ஓட வேண்டாம். முதல் எம்.ஆர்.ஐ. எடுத்து ஆறு மாதம் நிறைவது ஏப்ரலில் என்று தேதி சொல்கிறது. அப்போது அதே இடத்தில் மறுபடி எடுத்து இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். வளர்ந்திருந்தாலோ விழுங்குவது மோசமாகியிருந்தாலோ, கோடை விடுமுறையிலேயே அறுவையை வைத்துக்கொள்வது நல்லது. ஜூனில் பள்ளி திறக்கும் முன் தொண்டைக்கு ஓய்வும் கிடைக்கும். அளவு மாறவில்லை என்றால் உங்கள் கணவர் சொல்லும் டிசம்பர் வரை காத்திருப்பதிலும் தவறில்லை. மருத்துவமனையில் பைஸ்டாண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாக, யார் நிற்பது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கவலையைச் சின்னதாக நினைத்து நான் இதை எழுதவில்லை. அவர் மே மாதத்தில் பதினைந்து நாளாவது வர முடியுமா என்று இப்போதே கேட்டு வைப்பது உதவும்.

கட்டி சில வாரங்களில் வேகமாகப் பெருத்தாலோ, மூச்சு அடைத்தாலோ, தூக்கத்தில் திணறி எழுந்தாலோ, குரல் திடீரென்று மாறினாலோ, இடது கண்ணிமை தாழ்ந்தாலோ, நாக்கை நீட்டும்போது ஒரு பக்கம் கோணினாலோ, ஏப்ரல் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஆசானின் எண்ணெய்த் தடவல்

நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்களிடம் சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் போகாத குடும்பம் அரிது. உங்கள் மாமியார் அன்பினால்தான் அழைக்கிறார். ஆனால் இந்தக் கட்டி நீர்கோத்த வீக்கமன்று, கரைவதற்கு. அதைத் தடவுவதும் அழுத்துவதும் வேகஸையும் கரோட்டிட் தமனியையும் சேர்த்தே அழுத்தும். அந்த இடத்தில் அழுத்தினால் இதயத் துடிப்பு தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று எண்ணிவைத்த அந்த மரபே, உயிர்நிலைகளில் கண்டபடி கைவைக்கக் கூடாது என்றுதான் எச்சரிக்கிறது. மாமியாரிடம் அப்படியே சொல்லிப் பாருங்கள். வாதம் செய்வதைவிட அது நன்றாகப் போய்ச் சேரும்.

மகளைப் பற்றி

ஒரே ஒரு ஷ்வான்னோமா, நாற்பதைத் தாண்டிய வயதில், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் வந்தால், அது பெரும்பாலும் பரம்பரையாக வந்ததன்று. உங்களுக்கு உடலில் வேறிடத்திலும் இத்தகைய கட்டிகள் தெரிந்தாலோ, காது கேட்பது குறைந்து இரைச்சல் வந்தாலோ சொல்லுங்கள். அப்போது மட்டும் மரபணு ஆலோசனை தேவைப்படும். மகளுக்கு இப்போது எந்த ஸ்கேனும் வேண்டாம்.

கையெழுத்திடுவதற்கு முன்

அறுவைக்கான ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ வந்தால், தமிழில் விளக்கக் கேட்பது உங்கள் உரிமை. அதில் ஒரு கேள்வியை நீங்களே எழுப்புங்கள்: உள்ளே திறந்து பார்த்து, நரம்பை வெட்டாமல் முழுக் கட்டியையும் எடுக்க முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? சிறிது கட்டியை விட்டுவிட்டு நரம்பைக் காப்பது ஒரு வழி. பிறகு தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், மீண்டும் வளரவும் வாய்ப்புண்டு. முழுவதும் எடுத்து நரம்பை இழப்பது மற்றொரு வழி. குரலால் வாழ்பவர் நீங்கள். எது உங்களுக்கு ஏற்றது என்று மயக்கத்துக்கு முன்பே சொல்லி, எழுதவும் வைக்க வேண்டும். விளக்கிப் பெறாத ஒப்புதல் செல்லாது என்பதையும், ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த ஒப்புதலை உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில் இன்னொன்றுக்கு நீட்ட முடியாது என்பதையும் 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. எழுதிக் கேட்டால் மருத்துவப் பதிவுகளின் நகலை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகளில் உள்ளது. எம்.ஆர்.ஐ. குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் கருத்து சொல்பவர் காகிதத்தைவிடப் படத்தைத்தான் பார்ப்பார்.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டு அரசின் ஆசிரியர் நலக் காப்பீடு எல்லைக்கு அப்பாலுள்ள எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதைச் சேரும் நாளில் கேட்கக் கூடாது. இப்போதே பள்ளி அலுவலகம் மூலம் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். செல்லாது என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் படங்களைக் காட்டி, இந்த அறுவையை அங்கே செய்கிறார்களா, வேறெங்கே அனுப்புவார்கள் என்று விசாரித்து வையுங்கள். எங்கே செய்தாலும் அந்த மருத்துவரிடம், இந்த இடுக்கில் இதுவரை எத்தனை கட்டிகள் எடுத்திருக்கிறீர்கள், நரம்பைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா, குரல் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

குரல்நாண் சோதனையின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். இடது நாண் அசைகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மேலே நான் சொன்ன கணக்கில் ஒன்றிரண்டு மாறலாம்.